வறண்ட வெட்டவெளியில் எலி வளைகளைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி

பாலையிலும் வறண்ட புல்வெளியிலும் வாழும் கொறிக்கும் விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலங்கைத் தேடித்தான் அலைகிறார்கள். அது வேண்டாம், முதலில் வளையைத் தேடுங்கள். கங்காரு எலி, ஜெர்போவா, ஜெர்பில், தரை அணில் என்று எதை எடுத்துக்கொண்டாலும், அது எப்படித் தண்ணீர் இல்லாமல் சமாளிக்கிறது, வெயிலை எப்படித் தாங்குகிறது, ஒளிய ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் எப்படி உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதற்கான பதிலில் பாதி அந்த ஓட்டையிலும் அதைச் சுற்றியுள்ள நாலடி மண்ணிலும்தான் இருக்கிறது. மீதிப் பாதி உடம்புக்குள் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

வளை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடல் அளவுதான் காரணம். உடம்பு சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகமாகிறது, வெளிச்சூடும் அவ்வளவு வேகமாக உள்ளே ஏறுகிறது. ஒட்டகம் நின்று தாங்கும் வெயிலில் 40 கிராம் எடையுள்ள கங்காரு எலி நின்றால், வியர்த்துக் குளிர்ந்துகொள்ள அது ஒரு மணி நேரத்திலேயே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். அப்படிச் செலவழித்தால் சாயங்காலம் வரை உயிரோடு இருக்காது. அதனால் அது வியர்ப்பதும் இல்லை, நாய்போல் இரைப்பதும் இல்லை. வெயிலைத் தாங்கும் வேலையையே விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடுகிறது.

இதை வெறுமனே படிப்பதைவிட ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள். நீளக் குச்சி போன்ற உணர்முனை உள்ள தெர்மாமீட்டர் ஒன்று போதும். வளை எதுவும் இல்லாத வெறும் தரையாகப் பார்த்து (இது முக்கியம், விலங்கு குடியிருக்கும் வளையில் எதையும் நுழைக்கக் கூடாது) அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டி, குழியின் சுவரில் பக்கவாட்டில் முனையைச் செருகி அளவெடுங்கள். மேல்மண், 5 செ.மீ., 15 செ.மீ., 30 செ.மீ., 50 செ.மீ. என்று வரிசையாக எடுக்கலாம். குழியைத் தோண்டியதும் தாமதிக்காமல் அளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவரே வெயிலில் சூடாகிவிடும். கோடை மதியத்தில் மேல்மண் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும் இடங்களில்கூட 30 செ.மீ. கீழே போனால் பகலுக்கும் இரவுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம் தெரியும். அரை மீட்டரில் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சூடு கீழே இறங்க நேரம் எடுக்கிறது. மேலே மதியத்தில் உச்சம் என்றால் 30 செ.மீ. ஆழத்தில் உச்சம் வருவது நள்ளிரவுக்குப் பிறகுதான், அந்த நேரத்தில் எலி வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். இரவு நடமாடும் கொறிணிகளுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்!

பருவத்தின் ஏற்ற இறக்கம் அப்படியல்ல, அது மீட்டர்க் கணக்கில் கீழே இறங்கும். குளிர்காலம் கடுமையாக இருக்கும் பாலைகளில் உறங்கிக் கழிக்கும் ஜெர்போவாக்கள் கோடை வளையைவிட ஆழமான வளைக்குப் போவது இதனால்தான்.

சரி, இப்போது வளையைப் பார்ப்போம். காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் திசையாகப் பார்த்துப் போங்கள். மதிய வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் தரை, காலையில் மேடும் பள்ளமும் தடமுமாகத் தெரியும். புதர்களின் அடியில்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேர்கள் பிடித்து நிறுத்தும் மண் எளிதில் சரியாது. காற்று கொண்டுவந்து சேர்த்த மணலும் விதையும் அங்கேதான் குவிகின்றன.

வளையில் ஆள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாயின் குறுக்கே சிலந்தி வலை முழுசாக இருந்தால் அது கைவிட்ட வளையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாசலில் புதுப் புழுக்கை, புதிதாகத் தள்ளிய மண், நகக்கீறல் இருந்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். ஆனால் நன்றாக ஏமாற்றும் ஒன்று உண்டு, அதுதான் அடைப்பு. கங்காரு எலிகளும் பல ஜெர்போவாக்களும் ஜெர்பில்களும் விடியும்போது உள்ளே போய், வாசலை உள்ளிருந்தே மண் தள்ளி அடைத்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் ஓட்டையே தெரியாது. சுற்றியுள்ள வெளிறிய மண்ணுக்கு நடுவே கொஞ்சம் கருத்த, ஈரம் மாதிரித் தெரியும் வட்டம் ஒன்று இருந்தால் அதுதான். வெயில் ஏற ஏற அந்த நிறம் போய்விடும், அதனால்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன்.

இந்த அடைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாம்பு நுழையாமல் தடுப்பது ஒரு பலன். அதைவிடப் பெரிய பலன், மூச்சில் வெளியேறும் ஈரம் வளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 1940களின் இறுதியில் போடில் ஷ்மிட்-நீல்சன், க்னூட் ஷ்மிட்-நீல்சன் தம்பதி அரிசோனாவில் கங்காரு எலியின் வாலில் மிகச் சிறிய ஈரப்பதமானியைக் கட்டி வளைக்குள் அனுப்பி அளந்தார்கள். வெளிக்காற்றில் இருப்பதைவிட உள்ளே பல மடங்கு ஈரம் இருந்தது. காற்றில் ஈரம் கூடினால் மூச்சில் இழக்கும் தண்ணீர் குறையும். உள்ளே சேமித்து வைத்த காய்ந்த விதைகளும் அந்த ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அதையே எலி தின்னும். தான் விட்ட மூச்சில் போன தண்ணீரைத் தானே திரும்பச் சாப்பிடுகிறது! எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதனால்தான் அடைப்பைக் கால் பட்டுக்கூட உடைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

விலங்கு எது என்று கண்டுபிடிக்க, பொழுது சாய்ந்ததும் வாசலுக்கு முன்னால் ஒரு முழ அகலத்துக்கு மணலை மென்மையான தூரிகையால் சமன்படுத்திவிட்டு வந்துவிடுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். பின்கால் இரண்டும் ஜோடியாகப் பதிந்து, அடுத்த ஜோடி நல்ல தூரம் தள்ளி இருந்தால் இரண்டு காலில் தாவும் விலங்கு: அமெரிக்கத் தென்மேற்கில் கங்காரு எலி, வட ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஜெர்போவா, ஆஸ்திரேலியாவில் துள்ளல் சுண்டெலி. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லாத கூட்டங்கள், ஆனாலும் மூன்றும் நீண்ட பின்கால், நீண்ட வால், தாவல் என்று ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பல ஜெர்போவாக்களின் பாதத்தடியில் முடிக்கற்றை இருப்பதால் மணல் தடத்தில் விரல்கள் தெளிவாகத் தெரியாமல் மங்கலாக இருக்கும். நாலு காலும் பதிந்து தடங்கள் நெருக்கமாக இருந்தால் ஜெர்பில் வகையையோ தரை அணிலையோ நினைக்கலாம். பகலிலும் தடம் புதிதாக விழுகிறதா, இரவில் மட்டுமா என்பதையும் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்து, வாசலில் கிடக்கும் மிச்சத்தைப் பாருங்கள். உமியும் விதைத் தோலும் கிடந்தால் விதை தின்னி. இங்கேதான் உடம்புக்குள் நடக்கும் கணக்கு வருகிறது. மாவுச்சத்து ஒரு கிராம் உடம்பில் எரிந்தால் ஏறக்குறைய 0.6 கிராம் தண்ணீர் உண்டாகும், கொழுப்பு ஒரு கிராம் எரிந்தால் 1 கிராமுக்குச் சற்று மேல். அப்படியானால் கொழுப்பு விதைதானே நல்லது என்று தோன்றும், ஆனால் கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் அதிகம் தேவை, அதற்காக அதிகம் மூச்சுவிட வேண்டும், அதில் தண்ணீர் போகும். புரதம் இன்னும் மோசம், அதிலிருந்து வரும் யூரியாவை வெளியேற்றவே சிறுநீர் வேண்டும். அதனால் வறண்ட நிலத்துக்கு மாவுச்சத்து நிறைந்த விதை நல்ல சரக்கு. மெரியம் கங்காரு எலி போன்றவை குடிக்கத் தண்ணீரே இல்லாமல் காய்ந்த விதையை மட்டும் வைத்து வாழ முடிவது இந்தத் தண்ணீரால்தான். கங்காரு எலியின் கன்னப் பை வாய்க்கு வெளியே திறக்கிறது, உள்ளே முடி இருக்கிறது. எத்தனை விதை சுமந்தாலும் ஒரு சொட்டு எச்சில்கூட அதில் வீணாகாது.

வரவு இவ்வளவுதான் என்பதால் செலவைப் பிடித்து வைக்கிறது. முதல் பூட்டு மூக்கு. உள்ளே இழுக்கும் காய்ந்த காற்று மூக்கின் உட்சுவரைக் குளிரவைக்கிறது, நுரையீரலிலிருந்து திரும்பி வரும் ஈரமான சூடான காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. இரண்டாவது சிறுநீரகம். மனிதச் சிறுநீர் ரத்தத்தைவிட ஏறக்குறைய 4 மடங்கு வரைதான் செறிவாக முடியும், கங்காரு எலியால் 14 மடங்கைத் தாண்ட முடிகிறது, ஆஸ்திரேலியாவின் ஸ்பினிஃபெக்ஸ் துள்ளல் சுண்டெலியோ 25 மடங்கு வரை போகிறது. புழுக்கையும் காய்ந்தே விழும். வாசலில் கிடப்பதைக் குச்சியால் லேசாகத் தட்டிப் பார்த்தாலே அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று தெரியும். கையால் தொட வேண்டாம்.

வாசலில் உமிக்குப் பதிலாக இலைத் துணுக்குகள் கிடந்தால் கதை வேறு. உப்புநிலச் செடிகளின் இலையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மேல்தோலில் உப்பு நிறைந்திருக்கும். லென்ஸ் வைத்து அந்தத் துணுக்குகளைப் பாருங்கள், மெல்லிய சீவல்களாக இருந்தால் விலங்கு மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்சதையை மட்டும் தின்றிருக்கிறது. வட அமெரிக்காவில் உளிப்பல் கங்காரு எலி அகன்ற தட்டையான கீழ் முன்பற்களால் இதைச் செய்கிறது. அர்ஜென்டினாவின் விஸ்கச்சா எலிக்கு இதற்கென்றே முன்பல்லுக்குப் பின்னால் விறைத்த மயிர்க்கொத்து உண்டு. வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பக்கத்துக் கொழுத்த மணல் எலியும் இலையைச் சுரண்டித்தான் தின்னும். சத்துக் குறைந்த இந்தச் சாப்பாட்டுக்கு அதன் உடம்பு எவ்வளவு பழகிவிட்டது என்றால், ஆய்வகத்தில் சாதாரண எலித் தீவனம் போட்டால் பலவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது.

பகலில் நடமாடும் இனங்களைப் பார்ப்பது சுலபம், சொல்லப்போனால் அதில்தான் நிறையக் கற்றுக்கொள்ளலாம். பைனாகுலரோடு தூரமாக உட்கார்ந்து, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் விலங்கு வளையை விட்டு வந்த நேரத்தையும் திரும்பப் போன நேரத்தையும் எழுதுங்கள், வேறெதுவும் எழுத வேண்டாம். காலையில் நீண்ட நேரம் வெளியே இருந்தது, வெயில் ஏறினதும் கொஞ்ச நேரம் வெளியே, கொஞ்ச நேரம் உள்ளே என்று மாறும். அமெரிக்கப் பாலைகளின் வெண்வால் தரை அணில் தன் உடல் வெப்பத்தை 43 டிகிரி வரைகூட ஏறவிடும், நமக்கென்றால் உயிருக்கே ஆபத்தான சூடு அது. பிறகு வளைக்குள் ஓடி, குளிர்ந்த மண்ணில் வயிற்றைப் பரப்பிப் படுத்து, சேர்ந்த சூட்டை மண்ணில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. தென்னாப்பிரிக்க வறண்ட நிலங்களின் கேப் தரை அணில் அடர்ந்த வாலை முதுகுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சூரியனுக்குக் காட்டியபடியே மேயும். அந்த வால் எந்த வெப்பநிலையில் உயர்கிறது என்று நிழலில் வைத்த தெர்மாமீட்டரோடு சேர்த்துக் குறித்துப் பாருங்கள். தார் பாலையின் இந்தியப் பாலை ஜெர்பிலும் பகலில் நடமாடுவதுதான், கோடையில் காலையும் மாலையும் வெளியே வந்து நடுப்பகலை உள்ளே கழிக்கும்.

வெட்டவெளி என்பது வெயிலைப் பற்றி மட்டும் இல்லை, மறைவே இல்லாத இடம் என்பதும்தான். அதற்கான பதிலை விலங்கின் தலையில் பாருங்கள். கங்காரு எலிக்கும் ஜெர்பிலுக்கும் தலையின் பின்பக்கம் புடைத்திருக்கும், நடுக்காதைச் சுற்றிய எலும்புக் கூடு பெருத்திருப்பதால் வரும் புடைப்பு அது. அதனால் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும், ஆந்தையின் சிறகிலிருந்தும் தாக்கப் பாயும் பாம்பிலிருந்தும் வரும் மெல்லிய ஓசை உட்பட. கேட்ட மறுகணமே தாவும். முழு நிலவு வெளிச்சத்தில் இவை வெளியே திரிவதைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே இரவில் பார்க்கப் போவதானால் நிலவு மறைந்த இரவாகப் பாருங்கள், டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். பேச்சு வேண்டாம், காலடியை மெதுவாக வையுங்கள். அப்படி உட்கார்ந்தால் சில இடங்களில் தரையில் டப்-டப் என்று தட்டும் ஓசை கேட்கலாம். கொடிவால் கங்காரு எலி பின்காலால் தட்டும் தாளம் அது. பாம்பைக் கண்டால் தட்டும், அண்டை வளைக்காரருக்கு இது என் இடம் என்று சொல்லவும் தட்டும். எலி வளையானாலும் தனி வளை என்பதை இவை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கின்றன, ஒரு மேட்டுக்கு ஓர் ஆள்தான்.

முடியின் நிறத்தையும் மண்ணின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். அமெரிக்கத் தென்மேற்கில் வெளிறிய பாறைகளில் மணல் நிறமாக இருக்கும் பாறைப் பை-எலி, கருத்த எரிமலைக் குழம்புப் பாறை உள்ள இடத்தில் கறுப்பாகவே இருக்கிறது. அதை ஒட்டிய மெக்சிகோவின் பினகாத்தே எரிமலைப் பகுதியில் அந்தக் கறுப்புக்குக் காரணமான மரபணுவையே 2003இல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கூட்டமாக வாழ்பவை வேறு வழியில் போகின்றன. வட அமெரிக்கப் புல்வெளிகளின் கருவால் பிரெய்ரி நாய் (பெயரில்தான் நாய், தரை அணில் குடும்பம்) தன் ஊரைச் சுற்றியுள்ள உயரமான செடிகளைத் தின்னாவிட்டாலும் கடித்துச் சாய்த்துவிடும், பார்வைக்கு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. அதன் வாசல் மேடுகளைக் கவனித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, ஒரு முனை விளிம்பு கூர்மையாக உயர்ந்த பள்ளம், மறுமுனை தாழ்ந்த உருண்டை மேடு. உயர்ந்த கூர்விளிம்பின் மேல் காற்று வேகமாகப் போவதால் அங்கே உள்காற்று உறிஞ்சப்பட்டு, தாழ்ந்த முனை வழியாகப் புதுக் காற்று நுழைகிறது. ஸ்டீவன் வோகலும் சகாக்களும் 1973இல் இதை அளந்து காட்டினார்கள். இதை நீங்களே பார்க்க, ஒரு குச்சியின் நுனியில் மெல்லிய பஞ்சு இழையைக் கட்டி வாசலுக்குச் சற்று மேலே பிடியுங்கள், இழை உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்று தெரியும். புகை போட்டுப் பார்க்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள், உள்ளே குட்டிகள் இருக்கும்.

வெளியே வரவே வராதவையும் உண்டு. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா பக்கத்து மயிரில்லா மோல் எலி மண்ணுக்கடியிலேயே கூட்டமாக வாழ்ந்து கிழங்கு தேடித் தோண்டுகிறது. பல்லால்தான் தோண்டும், வாய்க்குள் மண் போகாதபடி உதடு பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். மூச்சுக்காற்று கெட்டுப்போன நெருக்கடியிலும் தாக்குப்பிடிக்கும், ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் வரை தாங்கியதை 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ந்து இறுகிய மண்ணைத் தோண்டுவது பெரும் செலவு, கிழங்கும் எங்கோ ஒன்று எங்கோ ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. தனியாளாகத் தோண்டினால் பட்டினிதான், கூட்டமாகத் தோண்டினால் யாராவது ஒருவருக்குக் கிடைத்துவிடும், இவற்றின் கூட்டுவாழ்வுக்கு முக்கியமான விளக்கங்களில் ஒன்று இது. தமராலாந்து மோல் எலி போன்றவை மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் வேக வேகமாகத் தோண்டும். ஆகவே மோல் எலிகள் உள்ள பகுதியில் மழைக்குப் பிந்தைய நாட்களைத் தவறவிடாதீர்கள், புது மண் குவியல்கள் வரிசையாக எழும்பியிருக்கும், அந்த வரிசையே கீழே சுரங்கம் போகும் திசை.

சில எச்சரிக்கைகள். வளைக்குள் கையை விடவே விடாதீர்கள், கைவிட்ட வளையில் பாம்போ தேளோ குடியேறியிருக்கும். மத்திய ஆசியாவின் பெரிய ஜெர்பில் உட்படப் பல கொறிணிகளின் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைப் பரப்பக்கூடியது, வளைக்குள் பெருகும் மணல் ஈக்கள் சில பகுதிகளில் தோலில் புண்களை உண்டாக்கும் லீஷ்மேனியாசிஸ் நோயைக் கொண்டுவருகின்றன. வளை வாயில் முகத்தைக் கொண்டுபோய் எட்டிப் பார்க்க வேண்டாம், காய்ந்த புழுக்கைத் தூசியைக் கிளப்ப வேண்டாம், செத்த எலியைத் தொடவே வேண்டாம், முழுக்கால் உடையும் மூடிய காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். வளைக்கு நேர் மேலே நடக்காதீர்கள். ஜெர்போவா வளைகளில் ஒரு கிளைச் சுரங்கம் தரையைத் தொடும் அளவுக்கு வந்து மெல்லிய மண்தோலோடு நின்றுவிடும், பாம்பு வாசலில் நுழைந்தால் அதை முட்டிக்கொண்டு வெளியே பாய்வதற்காக. உங்கள் கால் பட்டால் அந்தத் தப்பும் வழி இடிந்துவிடும். பாவம் என்று தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அந்த எலிக்கு அது தேவையில்லை, நரிக்குத்தான் நீங்கள் வழி காட்டுகிறீர்கள்.

ஒரு பருவத்தில் பார்த்ததை வைத்து இந்த வளைகள் காலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோஹாவி தரை அணில் வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் உடல் வேகத்தைக் குறைத்து உறங்கியே கழிக்கிறது, உணவு கிடைக்கும் சில மாதங்களில் தின்று கொழுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். காலி என்று நினைத்து நிலத்தைச் சமன்படுத்தினால் மண்ணுக்கடியில் உறங்குபவை அப்படியே போய்விடும், அதோடு நிலமும் மாறும். அரிசோனாவின் போர்ட்டல் அருகே 1977இல் ஜேம்ஸ் பிரவுனும் சகாக்களும் சில மனைகளை வேலியிட்டுக் கங்காரு எலிகளை மட்டும் வெளியேற்றிவைத்தார்கள். விதை தின்னவும் மண்ணைக் கிளறவும் ஆள் இல்லாமல், 12 ஆண்டுகளில் அந்தப் புதர்ப் பாலை புல்நிலமாக மாறத் தொடங்கிவிட்டது. ஆகவே ஒரே இடத்துக்கு மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், கோடையிலும் குளிரிலும் திரும்பப் போங்கள், ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண் கொடுத்து, அடைப்பு, தடம், மிச்சம், மண்ணின் வெப்பம் நான்கையும் தேதியோடு எழுதிவையுங்கள். அளக்கத் தோண்டிய குழியைக் கிளம்பும் முன் மூடிவிடுங்கள், திறந்து விட்டால் இரவில் ஏதாவது உள்ளே விழுந்து ஏற முடியாமல் கிடக்கும்.